வலைக்களஞ்சியம்: ‘நாஸ்’ என்ற சொல்லும் அதன் தமிழும்

வடமராட்சியில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒரு பழைய கணினிப் பெட்டி இருக்கிறது. கடற்காற்றுப் பட்டு அதன் திருகாணித் தலைகள் துருவேறிவிட்டன. உள்ளே ஒரே அளவான இரண்டு வன்தட்டுகள். ஊரில் அந்தியேட்டிக்கு அச்சடித்த கல்வெட்டுகள் (இறந்தவர் நினைவாக வெளியிடும் சிறுநூல்கள்), கும்பாபிஷேக மலர்கள், பள்ளிக்கூடத்துப் பழைய படங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அதற்குள் வைத்திருக்கிறோம். வாசிகசாலையைப் பார்த்துக்கொள்ளும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருநாள் பொருட்பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்: “நீ இதை நாஸ் என்கிறாய். தமிழில் என்னவென்று எழுதுவது, தம்பி?”

“யோசித்துச் சொல்கிறேன், மாஸ்டர்” என்றேன். யோசித்ததில் கிடைத்தது இது.

நாஸ் என்பது ‘நெட்வேர்க் அட்டாச்ட் ஸ்டோரேஜ்’ என்ற மூன்று சொற்களின் முதலெழுத்துக் கூட்டு. இதில் நடுச்சொல்லில்தான் பொருள் இருக்கிறது. சாதாரணமாக வன்தட்டு ஒரு கணினியின் வயிற்றுக்குள் கிடக்கும். அந்தக் கணினியை நிறுத்தினால் அதில் உள்ளது யாருக்கும் எட்டாது. நாஸில் வன்தட்டு ஒருவருடைய கணினிக்குச் சொந்தமில்லை. வலையமைப்போடு பொருத்தப்பட்டிருப்பதால், அனுமதி பெற்ற எவரும் தன் இடத்தில் இருந்தபடியே கோப்பை வைக்கலாம், எடுக்கலாம். எழுத்து இடம் மாறிய ‘சான்’ (ஸ்டோரேஜ் ஏரியா நெட்வேர்க்) என்பது வேறு. அது வெற்று இடத்தைத் துண்டுகளாகக் கொடுக்குமே தவிர, கோப்பு என்ற கணக்கு அதனிடம் இல்லை.

முதற்சொல்லுக்கு நாங்கள் ‘வலையமைப்பு’ என்கிறோம். தமிழ்நாட்டில் ‘பிணையம்’ என்றும் எழுதுகிறார்கள். பிணைப்பது என்ற வேரில் நன்றாகவே பிறந்த சொல்தான். ஆனால் ‘பிணை’ என்றவுடன் எங்களுக்கு நீதிமன்றம் நினைவுக்கு வந்துவிடும். ஆகவே வலை.

‘ஸ்டோரேஜ்’ என்பதற்குச் ‘சேமிப்பகம்’ எங்கும் வழங்குகிறது. சேமம் என்ற வடசொல் வழி வந்தது. நலம், பாதுகாப்பு என்பது அதன் அடிப்பொருள். குறை சொல்ல முடியாத சொல். ‘தேக்ககம்’ என்றும் எழுதுகிறார்கள். அதில் தேங்கிக் கிடத்தல் என்ற சாயல் விழுவது எனக்கு உவப்பாக இல்லை. நான் வேண்டுவது களஞ்சியம். இலங்கைத் தமிழில் அது இன்றும் உயிரோடு இருக்கும் சொல்: நெற்களஞ்சியம், களஞ்சியசாலை, களஞ்சியப் பொறுப்பாளர். சேமிப்பு என்றால் ஒருவர் தனக்கென்று ஒதுக்கி வைப்பது. களஞ்சியத்தில் பலர் கொண்டுவந்து கொட்டுவார்கள், பலர் அளந்து எடுப்பார்கள், கணக்கு எழுத ஒருவர் இருப்பார். நாஸ் செய்வது இதைத்தான். கலைக்களஞ்சியத்தோடு குழம்பாதா என்று கேட்கலாம். முன்னால் ‘வலை’ நின்றால் குழம்பாது.

இந்தப் பெட்டியை ஓட்டுவது திறமூல மென்பொருள், அதாவது எழுதிய நிரலை யாரும் பார்த்துத் திருத்தத் திறந்து வைத்த மென்பொருள். ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற பெயரை 1998 பெப்ரவரியில் முன்வைத்தவர் கிறிஸ்டின் பீட்டர்சன். திறமூலம் வினைத்தொகை: திறந்த, திறக்கின்ற, திறக்கும் மூலம். ஊறுகாய் போல முக்காலத்துக்கும் பொருந்துகிறது. ‘மூலமும் உரையும்’ என்று அட்டையில் அச்சிட்டுப் பழகிய எங்களுக்கு மூலம் என்பதன் கனம் தெரியும். மூலம் கையில் இருந்தால்தான் பாடபேதம் பார்க்கலாம். சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளை ஏடுகளைத் தேடித் தேடி ஒப்புநோக்கி அச்சேற்றியது அதற்காகத்தான்.

நாஸ் மென்பொருளுக்கும் பாடபேதம் உண்டு. சன் நிறுவனம் 1984இல் உருவாக்கிய என்எஃப்எஸ், யுனிக்ஸ் கணினிகளுக்கிடையே கோப்பைப் பகிர வழி செய்தது. விண்டோஸ் பேசும் எஸ்எம்பி மொழியைப் பிற கணினிகளுக்கும் கற்றுக்கொடுத்தது, கன்பராவில் அண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1991 இறுதியில் எழுதத் தொடங்கிய மென்பொருள். அதற்குப் பெயர் தேடியபோது, எஸ், எம், பி என்ற மூன்று எழுத்தும் வரிசையாக வரும் சொற்களை அகராதிக் கோப்பில் தேடி ‘சம்பா’ என்பதை எடுத்தார். எங்கள் காதில் அது நெல்லின் பெயராக விழுகிறது. களஞ்சியத்துக்குள் சம்பா இருப்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

2005இல் ஒலிவியே கொஷார்-லபே இவற்றையெல்லாம் ஒரே பொதியாக்கி ‘ஃபிரீநாஸ்’ என்று வெளியிட்டார். பிரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மேல் நின்றது அது. இதிலுள்ள ‘ஃபிரீ’யை ‘இலவச’ என்று பெயர்ப்பது பிழை. கட்டற்ற என்பதே சரி. கட்டற்றது என்பதால்தான் கிளை விட முடிந்தது. 2009இல் அதை டெபியன் லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்துக்கு மாற்றி எழுதலாம் என்ற பேச்சு எழுந்தது. வோல்கர் தைலே அந்த வழியில் போய் 2011இல் ‘ஓப்பன்மீடியாவால்ட்’டைத் தந்தார். ஃபிரீநாஸ் பெயரையும் பிரீபிஎஸ்டி வழியையும் ஐஎக்ஸ்சிஸ்டம்ஸ் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. பழைய மூலத்தைக் கைவிடாதவர்கள் ‘நாஸ்4ஃபிரீ’ ஆகி, 2018இல் ‘சிக்மாநாஸ்’ என்று பெயர் மாற்றினார்கள். ஃபிரீநாஸ் 2020இல் ‘ட்ரூநாஸ் கோர்’ ஆனது. அதே நிறுவனம் 2022இல் டெபியன் மேல் நிற்கும் ‘ட்ரூநாஸ் ஸ்கேல்’ பதிப்பையும் வெளியிட்டது. 2009இல் பிரிந்துபோன வழிக்கே இவர்களும் வந்து சேர்ந்தார்கள். பெயர் எத்தனை முறை மாறினாலும் மூலம் திறந்து கிடந்ததால் ஒரு கிளையும் அநாதையாகவில்லை.

எங்கள் பெட்டியில் கோப்புகளைக் காப்பது இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை. 2005இல் சன் நிறுவனம் அதன் மூலத்தைத் திறந்துவிட்டது. கோப்பின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்புத் தொகையை எழுதி வைக்கும். வாசிக்கும்போது தொகை பிசகினால் மற்ற வன்தட்டில் இருக்கும் நல்ல படியை எடுத்து, பழுதானதைத் திருத்திவிடும். ஒரு கல்வெட்டின் வம்சாவளிப் பக்கம் அப்படித் தானாகத் திருந்தியதை அறிக்கையில் ஒரே ஒரு வரியாகக் கண்டேன். அந்தக் குடும்பத்தில் அச்சுப் படி யாரிடமும் இல்லை.

ஆனால் இரட்டை வன்தட்டைக் ‘காப்பு’ என்று எழுதக் கூடாது. இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் ஒரே கட்டடத்துக்குள்தான் இருந்தன. வேறோர் இடத்தில் இருக்கும் படிக்கே காப்புப்படி என்று பெயர்.

இதைச் சொன்னபோது மாஸ்டர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு ‘வலை’க்குப் பின் வல்லினம் மிகும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு எழுதினார்: வலைக்களஞ்சியம் – 1. வன்தட்டு – 2. கீழே ‘காப்புப்படி’ என்று எழுதி, எதிரே எண்ணை இடாமல் விட்டுப் பேனாவை மூடினார்.