ஸ்கேட்போர்டு பலகையின் விளிம்பு: 6 மி.மீ. பிட் ஏன் பலகையைக் கெடுக்கிறது?

வீட்டில் ஸ்கேட்போர்டு செய்பவர்கள் ஒட்டுவதற்கும் அழுத்துவதற்கும் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட விளிம்புக்குக் கொடுப்பதில்லை. ஏழு மேப்பிள் வெனீர்களுக்கும் (மெல்லிய மரத்தகடுகள்) அளவாகப் பசை தடவி, ஒரு நாள் அச்சில் வைத்து எடுத்த பலகை கடைசி அரைமணி நேர ரூட்டர் வேலையில், அதாவது சுழலும் வெட்டுமுனையால் (பிட்) விளிம்பை வளைவாக்கும் வேலையில், பாழாகிறது. பெரும்பாலும், கனத்தை அளக்காமல் பிட் வாங்கியதுதான் காரணம்.

ஒரு வெனீர் சுமார் 1.5 மி.மீ. என்றால் ஏழும் பசையும் சேர்ந்து 11 மி.மீ. அளவில் நிற்கும். விளிம்பை வளைவாக உருட்டும் ரவுண்ட்ஓவர் பிட்டின் நுனியில் இருக்கும் பேரிங் (சுழலும் சிறு வளையம்), வளைவுக்கு அப்பால் உள்ள தட்டையான விளிம்பில் உருண்டுகொண்டே போகும். 6 மி.மீ. ஆரமுள்ள பிட்டால் ஒரு பக்கம் உருட்டினால் 5 மி.மீ. தட்டை மிஞ்சும், அதுவரை சிக்கல் இல்லை. பலகையைப் புரட்டி மறுபக்கம் ஓட்டும்போது பேரிங் உருள வேண்டிய இடம் ஏற்கெனவே வளைந்து போயிருக்கும். பேரிங் உள்ளே சறுக்கும், பிட்டும் கூடவே போய் மரத்தைக் குடைந்துவிடும். அந்தக் குழியை மறைக்க வேண்டுமானால் மொத்தப் பலகையையும் அகலம் குறைத்துத்தான் ஆகவேண்டும். எங்கள் சிபாரிசு: அடிப்பக்கத்துக்கு 3/16 அங்குலம், அதாவது 4.8 மி.மீ.; மேல்பக்கத்துக்கு 3 மி.மீ. நடுவில் மூன்று மி.மீ.க்குச் சற்று மேல் தட்டை மிஞ்சும். மேல்பக்கத்தை அதிகம் உருட்டாததற்கு இன்னொரு காரணம், கால் வழுக்காமலிருக்க மேலே ஒட்டும் கிரிப் டேப்புக்கு இடம் வேண்டும்.

வடிவம் வெட்டும் முன்பே நடுக்கோடு போட்டு, டிரக் (சக்கரங்களைத் தாங்கும் உலோகப் பாகம்) துளைகள் எட்டையும் 5 மி.மீ. பிட்டால் போட்டுவிடுங்கள். இப்போதைய டிரக்குகளுக்குத் துளை இடைவெளி நீளவாக்கில் 54 மி.மீ., அகலவாக்கில் 41 மி.மீ. அதே துளைகளில் போல்ட் போட்டு, பலகை வடிவத்துக்கான டெம்ப்ளேட்டை முடுக்கிவிடலாம். இரட்டைப் பக்க டேப்பை நம்பத் தேவையில்லை. ஜிக்சாவில் கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு வெட்டுங்கள். அச்சிலிருந்து பிதுங்கிக் காய்ந்த பசையெல்லாம் அப்போதே கழிந்துவிடும். அந்தப் பசை பிட்டின் முனையை மழுக்கும். பேரிங்கில் புகுந்தால் அது சுழலாமல் இறுகி, விளிம்பில் கருகிய பள்ளம் போடும்.

ரூட்டரைக் கையில் பிடித்து ஓட்டினால் பலகையை இடஞ்சுழியாகச் சுற்றி வாருங்கள். எதிர்த் திசையில் போனால் பிட் மரத்தைப் பற்றிக்கொண்டு ரூட்டரை முன்னே இழுக்கும். கை வெட்டுப்படுவது பெரும்பாலும் இப்படித்தான். சரியான திசையிலும் எல்லா இடமும் ஒன்றல்ல. அகலமான இடத்திலிருந்து நுனியை நோக்கி இறங்கும்போது மரநார் ஒத்துழைக்கும். நுனியைச் சுற்றித் திரும்பி மறுபடி அகலத்தை நோக்கி ஏறும்போது நார் பிட்டுக்கு எதிராக நிற்கும், சிராயாகப் பெயரும். முன்னும் பின்னுமாக ஒரு பலகையில் அப்படி இரண்டு இடங்கள் உண்டு. அங்கே மட்டும் ஒரு மி.மீ. ஒரு மி.மீ. ஆக ஆழம் கூட்டுங்கள், அல்லது ரூட்டரை எடுத்து வைத்துவிட்டு அரத்தால் முடியுங்கள்.

அடுத்த தொல்லை பலகையின் குழிவு. அச்சில் வந்த பலகை எங்கும் சமதளம் அல்ல. ரூட்டரின் அகன்ற அடித்தட்டு அதன்மேல் ஆடும், ஆட ஆட வெட்டின் ஆழம் மாறி விளிம்பில் படி விழும். சிறிய அடித்தட்டு உள்ள டிரிம்மர் (சிறு ரூட்டர்) இதற்குத் தோதானது. ரூட்டர் மேசை வைத்திருப்பவர்கள் பிட்டைச் சுற்றி 75 மி.மீ. அளவில் வட்டமான ஒரு மேடு பொருத்திக்கொண்டால், பலகையின் விளிம்பு மட்டும் அதில் படியும். எப்படியானாலும் பிட்டை முழு ஆழத்துக்கு அரை மி.மீ. குறைவாகவே வையுங்கள். மிச்சத்தை உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும்.

ரூட்டரே இல்லாமலும் செய்யலாம். முதல் பலகைக்கு நாங்கள் அதைத்தான் சொல்வோம். மேல்முகத்திலும் விளிம்பிலும் 3 மி.மீ. தள்ளிப் பென்சில் கோடு போட்டு, இரண்டு கோட்டுக்கும் நடுவில் மர அரத்தால் 45 பாகையில் சாய்வாக எடுங்கள். பிறகு அந்தச் சாய்வின் இரண்டு ஓரங்களையும் மெலிதாக உடைத்து, 80 எண் உப்புத்தாளைப் பட்டையாகக் கிழித்து விளிம்பின்மேல் இருகையாலும் மாற்றி மாற்றி இழுங்கள். அளவு சீராக இருக்கிறதா என்பதை வெனீர் அடுக்குகளே காட்டிக்கொடுக்கும். சாய்வில் ஒவ்வொரு அடுக்கும் ஒரு பட்டையாகத் தெரியும், நிலப்படத்தின் சமஉயரக் கோடுகள் போல. பட்டை அகலும் இடத்தில் சாய்வு படுத்துவிட்டது, குறுகும் இடத்தில் இன்னும் செங்குத்தாக நிற்கிறது என்று பொருள். சாயமிட்ட வெனீர் ஒன்று நடுவில் இருந்தால் தூரத்திலிருந்தே தெரியும். கண்ணை நம்பாமல் பட்டையை நம்புங்கள். அடிப்பக்கத்துக்கும் இதே முறைதான், கோடு மட்டும் 4.8 மி.மீ. தள்ளி. பிறகு 120, 180 எண் தாள்கள். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் நார் சிலிர்த்து நிற்கும். காய்ந்ததும் 220 போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடையில் கிடைக்கும் 12 மி.மீ. கமர்ஷியல் பிளைவுட்டைப் பலகையாக்குபவர்களும் உண்டு. மேப்பிள் பலகையில் வழக்கமாக ஏழில் ஐந்து அடுக்குகளின் நார் நீளவாக்கில் ஓடும், இரண்டுதான் குறுக்கே. சாதாரண பிளைவுட்டில் ஒன்றுவிட்டு ஒன்று குறுக்கே இருப்பதால் நீளவாக்கில் வலு குறைவு. விளிம்பை உருட்டும்போது உள் அடுக்கில் ஒளிந்திருந்த பொந்துகளும் வெளியே வரும். மரத்தூளும் எபாக்ஸியும் கலந்து அடைப்பது அழகுக்கு மட்டும்தான். இரண்டு டிரக்குகளுக்கும் நடுவில் பொந்து தெரிந்தால் அந்தப் பலகையில் ஆளை ஏற்றாதீர்கள். பசைக்கோட்டில் தாள் நுனி நுழையும் அளவு பிளவு தெரிந்தாலும் அப்படியே.

மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. துணி கட்டினால் போதாது. என்95 முகமூடி, கண்ணாடி, காதடைப்பு மூன்றும் வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு ரூட்டர் பிடிக்காதீர்கள். பிட் மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள்.

குறுக்கே வெட்டுப்பட்ட நார் தண்ணீரை உறிஞ்சும் என்பதால் விளிம்புக்குப் பாலியூரித்தேன் மூன்று பூச்சு. முதல் பூச்சை நீர்த்துப் பூசினால் உள்ளே இறங்கும். கிரிப் டேப்பை வளைவு தொடங்கும் இடத்தோடு வெட்டிவிடுங்கள், வளைவின்மேல் மடித்த டேப் விரைவில் உரியும். ஓட்ட ஓட்ட வால் நுனி தரையில் தேய்ந்து கத்தியாகும். முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடிபட்டால் ஆழமாகக் கிழிக்கும் முனை அது. 80 எண் தாளால் மறுபடி 3 மி.மீ. உருட்டி, பூச்சு கொடுத்து, அது நன்றாகக் காய்ந்த பிறகே ஈரத்தரையில் இறக்குங்கள்.