கோடு ஏறுகிறதா? குழந்தையின் முதல் வருடத்தில் அங்கன்வாடியில் கேட்டுப் பெற வேண்டியவை

கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓர் அட்டை கொடுத்திருப்பார்கள். தாய் சேய் நலப் பாதுகாப்பு அட்டை என்று பெயர். பிரசவம் முடிந்ததும் பல வீடுகளில் அது வெறும் தடுப்பூசி அட்டையாகிவிடுகிறது. ஊசி போடும் நாளில் எடுக்கிறோம், அப்புறம் பீரோவுக்குள் போய்விடுகிறது. உள்ளே இருக்கும் வளர்ச்சி வரைபடத்தில் ஒரு புள்ளிகூட இருக்காது. முதல் வருடத்தில் அரசிடமிருந்து நம் கைக்கு வரும் காகிதங்களில் இதைவிட உதவியானது இல்லை என்று நான் நினைக்கிறேன்.

ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் தனித்தனி வரைபடம் உண்டு. கீழே மாதங்கள், பக்கவாட்டில் கிலோ. ஒவ்வொரு மாதமும் எடையைப் புள்ளியாக வைத்து, புள்ளிகளைக் கோடாக இணைக்க வேண்டும். பச்சைப் பட்டைக்குள் இருந்தால் சரியான எடை, மஞ்சள் என்றால் குறைவு, ஆரஞ்சு என்றால் மிகவும் குறைவு. வெளிநாட்டு அளவுகோல் நம் குழந்தைக்கு எப்படிப் பொருந்தும் என்று சிலர் கேட்பதுண்டு. 2006இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட இந்த அளவுகள் ஆறு நாடுகளின் குழந்தைகளை அளந்து உருவானவை. அதில் தில்லிக் குழந்தைகளும் உண்டு.

நிறத்தைவிட முக்கியம், கோடு போகும் திசை. ஒரு பெண் குழந்தை 6 மாதத்தில் 7 கிலோ, 7 மாதத்தில் 7.1, 8 மாதத்திலும் 7.1 என்று வைத்துக்கொள்வோம். எடை இன்னும் பச்சையில்தான் இருக்கிறது, பார்ப்பவர்கள் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் கோடு படுத்துவிட்டது. உணவு போதவில்லை, அல்லது சளி, வயிற்றுப்போக்கு என்று ஏதோ ஒன்று பிள்ளையைப் பின்னுக்கு இழுக்கிறது. அதை மஞ்சளுக்கு இறங்கும் முன்பே சொல்லிவிடுவதுதான் இந்த வரைபடத்தின் வேலை. மாறாக, 2.3 கிலோவில் பிறந்த குழந்தை மஞ்சளில் இருந்தாலும் அதன் கோடு மாதாமாதம் ஏறிக்கொண்டே வந்தால் அது நல்ல செய்தி. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எடையோடு ஒப்பிட்டு மனம் நோக வேண்டியதில்லை.

பொதுவான கணக்கு இது: பிறந்த முதல் சில நாள்களில் எடை கொஞ்சம் குறையும், இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடும். ஐந்து மாதத்தையொட்டி பிறந்த எடை இரு மடங்காகும், ஒரு வயதில் மும்மடங்காகும். 50 செ.மீ. நீளத்தோடு பிறந்த பிள்ளை முதல் பிறந்தநாளில் ஏறக்குறைய 75 செ.மீ. இருக்கும்.

எடை போடுவது அங்கன்வாடியின் கடமை. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ் இது வருகிறது. வருமானச் சான்றிதழ் தேவையில்லை, தனியார் மருத்துவமனையில் பிறந்த குழந்தையும் போகலாம். பணியாளர் எடையைச் செல்பேசியில் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றுவார். அதோடு விட்டுவிடாமல், "டீச்சர், அட்டையிலும் கோடு போட்டுக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எடை போட்டால் கண் படும் என்று வீட்டில் பெரியவர்கள் தடுத்தால், திருஷ்டி சுற்றிப் போட்டுவிட்டாவது கூட்டிப் போங்கள்.

வீட்டுக்கு வந்து பார்ப்பதும் அரசின் சுகாதாரத் திட்டத்தில் உண்டு. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் வந்து பார்க்க வேண்டும். அதன் பிறகு 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களில். தேசிய அளவில் இது ஆஷா எனப்படும் ஊர் சுகாதாரத் தன்னார்வலரின் வேலை. தமிழ்நாட்டில் ஆஷா பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளில்தான் என்பதால், மற்ற ஊர்களில் கிராம சுகாதார செவிலியரைக் கேட்க வேண்டும்.

உணவுக்கு வருவோம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான். தண்ணீரும் வேண்டாம், தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைக்கும் சேனையும் வேண்டாம். ஒரு நாளைக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். பால் பவுடர், பால் புட்டி விளம்பரத்தை 1992ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. மாதிரி டப்பா என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

ஆறு மாதம் முடிந்ததும் இணை உணவு. எடைக்கோடு அதிகம் படுப்பது இந்தக் கட்டத்தில்தான். காரணம் பெரும்பாலும் கஞ்சித் தண்ணீர். வயிறு நிறையும், சத்து இருக்காது. கரண்டியிலிருந்து வழியாத பதத்தில் குழைத்த பருப்பு சாதம், ஒரு சொட்டு நெய், மசித்த காய், முட்டை, ராகிக் கூழ் என்று கொடுங்கள். 6 முதல் 8 மாதம் வரை நாளுக்கு 2, 3 வேளை, 9 மாதத்திலிருந்து 3, 4 வேளை, கூடவே தாய்ப்பால். அங்கன்வாடியில் தரும் சத்துமாவு 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 6 மாதம் நிறைந்த குழந்தைக்குரிய உரிமை. பாலூட்டும் தாய்க்கும் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரை உண்டு. குழந்தைக்கான மாவைக் குழந்தைக்கே வையுங்கள், வீடு முழுவதும் பங்கு போட்டால் பிள்ளைக்கு மிஞ்சாது. ஆறு மாதத்திலிருந்து வாரம் இருமுறை 1 மி.லி. இரும்புச்சத்து சிரப்பும் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு என்று தெரிந்தால், மாநில அரசின் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில் கூடுதல் உணவும் மருத்துவப் பரிசோதனையும் கிடைக்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் தாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் தருவார்கள். ஒரு வயது வரை அரசு மருத்துவமனையில் மருந்து, பரிசோதனை, ஆம்புலன்ஸ் எல்லாம் இலவசம்.

அட்டையில் எடையைத் தவிர வளர்ச்சிப் படிகளும் உண்டு. இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிப்பது, நான்கில் தலை நிற்பது, ஒன்பதில் பிடிக்காமல் உட்காருவது. ஒன்றிரண்டு வாரம் முன்பின் ஆகலாம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிரசவத் தேதி குறித்திருந்த நாளிலிருந்து கணக்கிட வேண்டும். சத்தத்துக்குத் திரும்பாவிட்டால், நான்கு மாதமாகியும் தலை நிற்காவிட்டால் செவிலியரிடம் சொல்லுங்கள். வளர்ச்சி தாமதமாகும் குழந்தைகளைப் பார்க்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

இன்னொன்று. பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போய் மூன்று, ஐந்து மாதம் இருந்துவிட்டு வரும்போது, அந்த மாதங்களின் புள்ளிகள் அப்படியே விடுபட்டுப்போகின்றன. அட்டையைக் கையோடு கொண்டுபோய், அம்மா ஊர் அங்கன்வாடியிலேயே எடை போட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் நம் ஊர் டீச்சரிடம் காட்டினால், விட்ட இடத்திலிருந்து கோட்டைத் தொடரலாம்.