நன்கொடை

ஒரு கம்பனி பள்ளிக்கூடத்துக்குக் கதிரை வாங்கிக் கொடுத்தால் யாழ்ப்பாணத்தில் அதற்கு மூன்று பெயர். கணக்காளருக்கு அது டொனேஷன், அழைப்பிதழில் நன்கொடை, கதிரையின் முதுகில் 'உபயம்'.

டொனேஷன், பரிசு என்று பொருள்படும் 'டோனும்' என்ற லத்தீன் சொல்வழி வந்தது. சமஸ்கிருத 'தான'மும் அதே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்ததுதான். ஆகவே டொனேஷனைத் 'தானம்' ஆக்கினால், அழைக்கப் போனவரை விட்டு அவருடைய ஒன்றுவிட்ட தம்பியைக் கூட்டிவந்த கதைதான். நம்முடைய சொல் கொடை. 'கொடு' என்ற வினையிலிருந்து பிறந்தது. ஈ, தா, கொடு மூன்றையும் கேட்கும் சொற்களாகவே தொல்காப்பியம் பிரிக்கிறது: தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் கேட்டால் 'ஈ', ஒத்தவர் கேட்டால் 'தா', உயர்ந்தவர் கேட்டால் 'கொடு'. அந்தக் கணக்கில் 'கொடு' என்று கேட்பவரே பெரியவர். கொழும்புத் தலைமை அலுவலகங்களுக்குப் பணிந்து பணிந்து கடிதம் எழுதும் அதிபர்மார் இதைக் கவனிக்கலாம்.

உபயம் வேறு வகை. கோயில் திருவிழாவில் இன்ன நாள் இன்ன குடும்பத்தின் உபயம், இன்ன நாள் வியாபாரிகளின் உபயம் என்று இருக்கும். காரியம் மாறாது, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் தொடர்ந்து செய்வார்கள்.

கம்பனிக் காசு அப்படி ஓரிடத்தில் நிற்பதில்லை. 2004 மார்கழியில் கடல் பொங்கியபின் வடமராட்சி கிழக்குக் கரைக்கு வள்ளம், வலை, வீடு என்று வந்தது. 2009இல் போர் முடிந்தபின் மீள்குடியேற்றமும் புலமைப்பரிசிலும் முன்னுக்கு வந்தன. 2020இல் கொரோனா, காசு ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியது. 2022 நெருக்கடியில் உலர் உணவுப் பொதியும் மருந்தும். தேவையைப் பார்த்துத் திரும்புவது நல்லதுதான். ஆனால் பாதியில் விடுபட்ட புலமைப்பரிசில் பிள்ளைக்கு அடுத்த தவணை யார் கொடுப்பது?

இந்த இடமாற்றம் கணக்கில் தெரிவதும் குறைவு. இலங்கையின் 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம், ஆண்டறிக்கையில் நன்கொடையின் மொத்தத் தொகையைச் சொல்லச் சொல்கிறது. எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது கம்பனியின் விருப்பம். அப்படிப் பிரித்தால் அதை 'நன்கொடைப் பகிர்வு' எனலாம் என்பது என் அபிப்பிராயம்.

'சமூகப் பொறுப்பு' என்ற சொல்லை இதற்குப் பாவிப்பது சரியில்லை. தொழிலாளர், சூழல் எல்லாம் அதற்குள் அடங்கும். இந்தியாவின் 2013 கம்பனிகள் சட்டம் பெரிய கம்பனிகளை, முந்தைய 3 ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொல்கிறது. சட்டம் கேட்டுச் செலவிடும் காசை நன்கொடை என்று எழுத எனக்குக் கை வராது.