காட்டாமணக்கு: கிளை கூடினால் காய் கூடுமா?

"செடி ஆள் உயரம் தாண்டிவிட்டது, காயைத்தான் காணோம்." எரிபொருள் எண்ணெய்க்காகக் காட்டாமணக்கு நட்டவர்களிடம் நான் அதிகம் கேட்கும் குறை இது. வயலில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் நெட்டையாக இரண்டு மூன்று கிளைகள், நுனியில் கொஞ்சம் காய்.

இந்தச் செடி கிளை நுனியில்தான் பூக்கும். அந்தப் பூங்கொத்திலும் ஆண் பூக்களே மிகுதி. ஒரு பெண் பூவுக்கு 20-க்கும் மேல் ஆண் பூக்கள் இருப்பது சாதாரணம். காயாவது பெண் பூ மட்டுமே என்பதால் நுனிகளைப் பெருக்கியாக வேண்டும். இளஞ்செடியிலேயே நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் கிளம்பும். பிறகு இலை உதிர்ந்து செடி ஓய்ந்திருக்கும் காலத்தில் கவாத்து செய்யலாம், அதாவது கிளைகளை அளவாக வெட்டிவிடலாம். பூக்கும் தருணத்தில் வெட்டினால் அந்தப் பருவத்து மகசூல் போய்விடும்.

கவாத்து மட்டுமே காய் தந்துவிடாது. கடுமையாக வெட்டிய செடி முதலில் தண்டையும் இலையையும்தான் மீட்கும். அந்த ஆண்டு காய் குறையும். எருவும் ஈரமும் போதாத மண்ணில் புதுக்கிளைகள் மெலிந்து பூக்காமலே நிற்கும். வறட்சியைத் தாங்கும் செடிதான், ஆனால் வறண்ட மண்ணில் நல்ல விளைச்சலை எதிர்பார்க்கக் கூடாது. இதைச் சொல்லாமல் கன்று விற்பவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு.

செடிகளுக்கு நடுவே விதைக்கும் ஊடுபயிருக்கு இடைவெளிதான் கணக்கு. 2 மீட்டருக்கு 2 மீட்டர் நட்டால் எக்டேருக்கு 2,500 செடிகள். நிழல் சீக்கிரம் மூடிவிடும். 3 மீட்டருக்கு 3 மீட்டர் என்றால் சுமார் 1,111 செடிகள்தான், ஆனால் ஊடுபயிருக்கு வெளிச்சம் கூடுதல் காலம் கிடைக்கும். உளுந்து, பாசிப்பயறு போன்ற குட்டைப் பயறு வகைகளே என் தேர்வு. களையை அடக்கி, மண்ணில் தழைச்சத்தையும் சேர்க்கும். தூரை ஒட்டி விதைத்தால் தண்ணீருக்குப் போட்டி வரும். உயரமாக வளரும் சோளம் இளஞ்செடியை மறைத்துவிடும். மரவள்ளி வேண்டவே வேண்டாம்: அதுவும் காட்டாமணக்கும் ஒரே குடும்பம், வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய் இரண்டுக்கும் வரும்.

விதை நஞ்சு என்பதையும் மறக்காதீர்கள். காட்டாமணக்குக் காய் முற்றி உதிர்வதற்குள் பயறை அறுத்துவிடுங்கள். உதிர்ந்த விதை தானியத்தோடு கலக்கவே கூடாது. வெட்டிய கிளைகளை ஆடு மாடுகளுக்குப் போடாமல் மண்ணை மூடும் மூடாக்காகப் பரப்புங்கள். வெட்டும்போது வடியும் பால் கண்ணில் படக்கூடாது. குழந்தை விதையைத் தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.