பட்டுப்போகவில்லை, அழிஞ்சில்

மாசி மாதம். பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பு. "வேலியில நிக்கிற அழிஞ்சில் பட்டுப்போச்சு தம்பி, வெட்டிடலாமா?" என்று கேட்டார் தோப்புக்காரப் பெரியவர். மரத்தில் ஓர் இலை இல்லை. ஒரு கிளையை நகத்தால் கீறிக் காட்டினேன். தோலுக்கு அடியில் பச்சை, விரலில் ஒட்டும் ஈரம். "கொஞ்ச நாள் பொறுங்க ஐயா" என்றேன். பங்குனியில் அதே மொட்டைக் கிளையெல்லாம் வெள்ளைப் பூ, வேலியோரம் முழுக்க மணம்.

கடலூர், புதுவைப் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அது ஓய்ந்து செம்மண்ணின் மேல்பரப்பு காய்ந்ததும் இலை வழியே போகும் நீர் மரத்துக்குக் கட்டுபடியாகாது. இலைக்காம்பின் அடியில் மெல்லிய செல் அடுக்கு ஒன்று உண்டு. திடமான இலை ஆக்சின் என்ற ஹார்மோனை அனுப்பிக்கொண்டே இருக்கும்வரை அந்த அடுக்கு இறுகி நிற்கும். இலை தளர்ந்தால் ஆக்சின் குறைகிறது, எத்திலீன் என்ற வாயு ஹார்மோன் கூடுகிறது, செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. இலை உதிருமுன் அதிலுள்ள நைட்ரஜனில் பெரும்பங்கை மரம் கிளைக்குள் இழுத்துக்கொள்ளும். காயத்தைத் தக்கைத் திசு மூடிவிடும்.

குளிர்நாட்டுத் தோட்டங்களில் பனியில் சிவப்புக் குச்சிகளோடு நிற்கும் டாக்வுட் செடியும் அழிஞ்சிலும் கார்னேசியே என்ற ஒரே தாவரக் குடும்பம்தான். அதை உதிர வைப்பது குளிரும் குறும்பகலும், இங்கே வறட்சி.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. டாக்வுட்டின் இலைகள் பெரும்பாலும் எதிரெதிராக இருக்கும்; இலையை மெல்லக் கிழித்தால் இரு துண்டும் வெண்ணூலில் தொங்கும். அழிஞ்சிலில் இலைகள் மாறி மாறி வரும், பழைய சிறுகிளைகள் முள்ளாகும், ஒடுங்கிய இதழ்கள் பின்பக்கம் சுருண்டிருக்கும். பழுத்த பழம் கருஞ்சிவப்பு, தலையில் சிறு மகுடம்.

வளர்ப்பவர்கள் பழத்தின் பிசுபிசுப்பான சதையைக் கழுவிவிட்டு, விதையை உலரவிடாமல் நாற்றுப் பையில் விதையுங்கள். கன்றை மழை தொடங்கும்போது, தண்ணீர் தேங்காத மேட்டில் நடுங்கள். குச்சி நிறத்துக்காக டாக்வுட்டைத் துளிர்க்கும் முன் ஒட்ட வெட்டுவார்கள். அழிஞ்சிலை அப்படி வெட்டினால் அந்த ஆண்டுப் பூ போய்விடும். காய்த்து முடிந்த பிறகு கவாத்து செய்யுங்கள்.