சொல் விளக்கம்: சமதொகைக் கொள்முதல்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பிட்காயின் போன்ற கிரிப்டோ மின்னாணயங்களைப் பற்றித் தமிழில் பேசுகிறவர்கள், மாதந்தோறும் சிறு தொகைக்கு வாங்கும் முறையைத் 'தவணை முறை முதலீடு' என்றே சொல்லி வருகிறார்கள். கோயில் மண்டபத்தில் நடக்கும் இலவச விளக்கக் கூட்டத்திலும் அதே சொல்; புலனத்தில் (வாட்ஸ்அப்) சுற்றி வரும் குரல் பதிவிலும் அதே சொல். அண்மையில், எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் ஒருவர், இரண்டு மாதமாகப் பணம் போடவில்லையே, தண்டம் எவ்வளவு வரும் என்று கவலையோடு கேட்டார். "கட்டி முடிச்சா முழு பிட்காயினும் நம்ம பேருக்கு வந்துரும்தானே சார்?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. அவர்மீது குறையில்லை. தவணை என்ற சொல்லுக்கு நம்மிடையே என்ன பொருளோ, அதைத்தான் அவர் புரிந்துகொண்டிருக்கிறார்.

மாதந்தோறும் ஒரே தொகைக்கு வாங்கும் இம்முறைக்கு ஆங்கிலத்தில் 'டாலர் காஸ்ட் ஆவரேஜிங்' என்று பெயர். பெஞ்சமின் கிரேகம் 1949இல் வெளியிட்ட முதலீட்டு நூலின் வழியே இது பரவலாக அறியப்பட்டது. அமெரிக்கர் என்பதால் டாலர் என்றார். அந்த டாலருக்கு வேறு எந்தச் சிறப்பும் இல்லை. எனவே இதை 'டாலர் செலவு சராசரி' என்று பெயர்ப்பது சொல்லுக்குச் சொல் வைத்த வேலையே தவிர மொழிபெயர்ப்பு ஆகாது. மலேசிய ரிங்கிட்டாகிய வெள்ளியில் வாங்குகிறவருக்கு டாலர் எதற்கு? 'செலவு' அதைவிடப் பிழை. செல் என்னும் வினையடியாகப் பிறந்த அச்சொல்லுக்குப் பழந்தமிழில் பயணம் என்று பொருள். தலைவன் பயணத்தைத் தவிர்ப்பதைச் செலவழுங்குதல் என்றார்கள். இன்றும் கையைவிட்டுப் போன பணமே செலவு. இங்கே பணம் போகவில்லை, நாணயமாக மாறியிருக்கிறது. 'காஸ்ட்' என்பதற்கு நம் மளிகைக் கடைக்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது அடக்கவிலை. வாங்கிய விலை, வண்டிக்கூலி, தரகு எல்லாம் அதில் அடங்கும். ஒவ்வொரு கொள்முதலுக்கும் கட்டணம் பிடிக்கப்படும் கிரிப்டோவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை யாரும் புதிதாக ஆக்க வேண்டியதில்லை.

இனித் தவணைக்கு வருவோம். தவணை என்றால் கெடு. கட்டி முடிக்க வேண்டிய கடனைக் காலத்தால் கூறுபோடுவது. மோட்டார்சைக்கிளைத் தவணைக்கு எடுக்கிறவருக்கு விலை முதலிலேயே முடிவாகிவிடுகிறது. வண்டி கைக்கு வந்துவிடுகிறது. எத்தனை மாதம் கட்ட வேண்டும் என்பதும் தெரியும். கட்டத் தவறினால் வண்டியை இழுத்துப் போவார்கள். மாதந்தோறும் நூறு வெள்ளிக்குப் பிட்காயின் வாங்குகிறவருக்கு இவற்றில் ஒன்றுகூடப் பொருந்தாது. அவருக்குக் கடன் இல்லை, கெடு இல்லை, முடிவான விலையும் இல்லை. ஒரு பிட்காயினைப் பத்துக் கோடிக் கூறுகளாகப் பிரிக்கலாம் என்பதால், அவர் ஒவ்வொரு மாதமும் ஒரு சிறு கூறை முழுதாக வாங்கி முடித்துவிடுகிறார். அடுத்த மாதம் வாங்காவிட்டாலும் முன்பு வாங்கியது அவருடையதே. தவணையில் பொருளின் அளவு நிலையானது. இங்கே தொகை மட்டும் நிலையானது, அளவு விலைக்கேற்ப ஏறி இறங்கும். இரண்டும் நேர் எதிரான ஏற்பாடுகள்.

தோட்டப்புறத் தமிழருக்குத் தவணை நல்ல சொல்லாக இருந்த இடமும் உண்டு என்பதை மறுக்கவில்லை. இவ்வூர்க்காரரான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிப் பங்குகளை வாங்கினார்கள். பங்கின் விலை முன்பே குறிக்கப்பட்டிருந்தது. ஆகவே அது தவணைதான். சீட்டு பிடிக்கும் கூட்டும் அப்படியே. மாதப் பங்கைக் கட்டினால் ஒரு நாள் மொத்தமாகத் தொகை கைக்கு வரும் என்பது அதன் ஏற்பாடு. அந்தக் கூட்டு இந்நாட்டில் தடைசெய்யப்பட்டது என்பதும், 1971ஆம் ஆண்டுத் தடைச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே 'கூட்டு' என்னும் நம் தமிழ்ச்சொல் ஏறியிருக்கிறது என்பதும் தனிக் கதை. ஆனால் அந்தப் பழக்கத்தில் ஊறிய காதுகளில் 'கிரிப்டோ தவணை' என்று ஓதினால், கட்டி முடித்ததும் உறுதியாக ஏதோ வரும் என்றுதான் விழும். ஏமாற்ற நினைப்பவனுக்கு இதைவிட வசதியான சொல் வேறு வேண்டாம்.

தவணையைக் கைவிட்டவர்களில் சிலர் 'சராசரி விலை முறை' என்கிறார்கள். சராசரி பாரசீகத்திலிருந்து வந்த சொல் என்பதற்காக அதைத் தள்ள நான் சொல்லவில்லை. கணக்கு பிழை என்பதால் சொல்கிறேன். ஒரு நாணயம் முதல் மாதம் 200 வெள்ளி, அடுத்த மாதம் 100, மூன்றாம் மாதம் 50 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 100 வெள்ளிக்கு வாங்குகிறவருக்கு அரை, ஒன்று, இரண்டு என மூன்றரை நாணயம் சேர்கிறது. கட்டணத்தை விட்டுவிட்டால், அவருடைய அடக்கவிலைச் சராசரி 85 வெள்ளி 71 சென். மூன்று மாத விலைகளின் சராசரியோ 116 வெள்ளி 67 சென். விலை மலிந்தபோது கூடுதலாகவும் ஏறியபோது குறைவாகவும் தானாகவே வாங்கப்படுவதால் வரும் இந்த வேறுபாடுதான் முறையின் உயிர். அதையே மறைக்கும் பெயர் எதற்கு உதவும்?

பணம் முழுவதையும் ஒரே வேளையில் போடும் 'லம்ப் சம்' என்பதற்கு வழங்கும் 'மொத்தத் தொகை'யும் தேறாது. மேற்சொன்னவர் மூன்று மாதத்தில் போட்ட மொத்தத் தொகையும் 300 வெள்ளிதானே? வேறுபாடு தொகையில் இல்லை, ஒரே வேளையில் போடுவதில் இருக்கிறது. முதல் மாதமே முந்நூறையும் போட்டவருக்கு ஒன்றரை நாணயம். மூன்றாம் மாதம் வரை பொறுத்துப் போட்டவருக்கு ஆறு. இதற்கு 'ஒருங்கு' என்ற பழஞ்சொல் இருக்கிறது. "வேண்டிய எல்லாம் ஒருங்கு" என்று வள்ளுவர் 343ஆம் குறளில் ஆள்வது இப்பொருளில்தான். வேண்டியவற்றையெல்லாம் ஒருசேர விட வேண்டும் என்று அவர் சொன்னது துறவுக்கு. 2021 நவம்பரில் பிட்காயின் 69,000 டாலரை நெருங்கியபோது ஒருங்கே வாங்கி, மறு ஆண்டு நவம்பரில் 16,000க்குக் கீழே பார்த்தவர்களுக்கு அந்தக் குறளும் பொருந்தியிருக்கும்.

ஆகவே என் பரிந்துரை: ஒரே வேளையில் வாங்குவது ஒருங்கு கொள்முதல், மாறாத தொகைக்கு இடைவெளி விட்டு வாங்குவது சமதொகைக் கொள்முதல், பின்னதால் கிடைப்பது அடக்கவிலைச் சராசரி. இப்பெயர்கள் எதையும் புகழவும் இல்லை, இகழவும் இல்லை. அண்மைக்காலமாகச் சமதொகைக் கொள்முதலைப் 'பாதுகாப்பு முதலீடு' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர்கள் இந்த ஒழுக்கத்தைத்தான் மீறுகிறார்கள். விலை இறங்கிக்கொண்டே போனால் எந்தச் சராசரியும் காப்பாற்றாது. அமெரிக்க முதலீட்டு நிறுவனமான வேன்கார்ட் 2012இல் பங்கு, கடன்பத்திரத் தரவுகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு வேளைகளில் ஒருங்கே போட்டதே முந்தியது. கிரிப்டோ அதில் இல்லை. பெயரிடுகிறவர் தீர்ப்பையும் சேர்த்து எழுதுவது விளம்பரக்காரர் வேலை.

சமதொகைக் கொள்முதல் பேச்சுக்கு நீளம் என்பவர்கள் "மாசாமாசம் நூறு வெள்ளிக்கு வாங்குறேன்" என்றே சொல்லட்டும். அதில் ஒரு பிழையும் இல்லை.