ஆங்கில சார்ட்டை வைத்துத் தமிழ்ப் பிள்ளையை அளக்காதீர்கள்

இணையத்திலிருந்து இறக்கிய மைல்ஸ்டோன் சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் இப்போது பல பெற்றோர் எங்களிடம் ஸ்பீச் தெரபிக்கு வருகிறார்கள். இத்தனை வயதில் பன்மை, இத்தனை வயதில் இறந்தகாலம் என்று அதில் வரிசையாக இருக்கும், தங்கள் பிள்ளையிடம் இல்லாததையெல்லாம் வட்டம் போட்டு வைத்திருப்பார்கள். அந்த வரிசை பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடமிருந்து வந்தது. ஹார்வர்டில் உளவியலாளர் ரோஜர் பிரவுன் மூன்று அமெரிக்கக் குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து கவனித்து, 14 இலக்கண உருபுகள் எந்த வரிசையில் வருகின்றன என்று 1973-ல் வெளியிட்டார். அருமையான வேலைதான், ஆனால் அது ஆங்கிலத்தின் வரிசை.

வட்டம் போட்ட பன்மையையே எடுத்துக்கொள்வோம். 'ரெண்டு நாய் வந்துச்சு' என்று இரண்டரை வயதுப் பிள்ளை சொன்னால், ஆங்கிலக் கணக்கில் பன்மை விகுதி விடுபட்டிருக்கிறது. நீங்களும் நானும் 'ரெண்டு நாய்' என்றுதானே சொல்கிறோம்? அதில் பிழையே இல்லை.

வேறு மொழிகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அன்றைய யுகோஸ்லாவியாவில் ஹங்கேரியன், செர்போ-குரோவேஷியன் இரண்டையும் ஒன்றாகப் பேசி வளர்ந்த பிள்ளைகளைக் கவனித்தபோது, 'உள்ளே', 'மேலே' போன்ற இடப்பொருளை இரண்டு வயதுக்குள்ளேயே ஹங்கேரியனில் சொல்லிவிட்டார்கள். அதே பிள்ளைகளுக்கு செர்போ-குரோவேஷியனில் அது பிந்தித்தான் வந்தது. ஹங்கேரியனில் சொல்லின் கடைசியில் ஒரே ஒட்டு போதும். மற்றதில் முன்னால் ஒரு சொல், பெயரின் கடைசியில் வேற்றுமை என்று இரண்டையும் சரியாகப் பொருத்த வேண்டும். பிள்ளைக்குப் புரிதல் இருந்தது, ஒரு மொழியில் அதற்கான வழி சுலபம், அவ்வளவுதான். துருக்கி மொழிப் பிள்ளைகளும் இப்படித்தான். மொழி ஆய்வாளர்கள் டான் ஸ்லோபினும் தாமஸ் பெவரும் 1982-ல் வெளியிட்ட ஆய்வில், வாக்கியத்தில் சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் யார் யாரை என்ன செய்தார் என்பதை இரண்டு வயதுத் துருக்கிப் பிள்ளைகள் உருபை வைத்தே கண்டுபிடித்தார்கள்.

செசோத்தோ என்ற தென்னாப்பிரிக்க மொழியில், 'யார் சமைத்தது?' என்று எழுவாயை நேராகக் கேட்க முடியாது, 'யாரால் சமைக்கப்பட்டது?' என்பது போலச் சுற்றித்தான் கேட்க வேண்டும். நாளெல்லாம் அதைக் காதில் வாங்கும் பிள்ளைகள் மூன்று வயதுக்கு முன்பே செயப்பாட்டுவினையைத் தாராளமாகப் பயன்படுத்துவதை மொழியியலாளர் கேத்ரின் டெமுத் 1989-ல் காட்டினார். ஆங்கிலப் பிள்ளைகள் பலர் நாலைந்து வயதிலும் அதில் தடுமாறுவார்கள்.

அப்போ தமிழில் எதைப் பார்க்க வேண்டும்? க்கு, ஓட, கிட்ட, ல என்று ஒட்டுகள் வருகின்றனவா? 'வந்தான், வந்தா, வந்துச்சு' என்று ஆளுக்கேற்ப வினைமுடிவு மாறுகிறதா? அப்புறம், பெற்றோர் கவனிக்காமல் விட்டுவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. 'பாட்டி குடுத்த பொம்மை எங்க?' என்பதைச் சின்னப் பேச்சு என்று நினைக்காதீர்கள், ஒரு வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியத்தை மடித்து வைத்திருக்கிறது அந்தப் பிள்ளை. 'மழ வந்தா போவேணாம்' என்பதில் நிபந்தனை இருக்கிறது, 'சாப்ட்டு வெளயாடுறேன்' என்பதில் இரண்டு வினைகள் கோத்திருக்கின்றன. எந்தச் சார்ட்டும் இதற்கு டிக் போடாது.

பிழைகளையும் கேளுங்கள். 'மரம்ல குருவி' என்று ஒரு பிள்ளை சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ரூம்ல, பஸ்ல என்று கேட்டுக் கேட்டு ஒரு விதியைத் தானாகவே கண்டுபிடித்து, யாரும் சொல்லித்தராத இடத்தில் அதைப் போட்டிருக்கிறது. அதை நிறுத்தி 'சரியாச் சொல்லு' என்று அதட்ட வேண்டாம். 'ஆமா, மரத்துல குருவி இருக்கு, ரெண்டு இருக்கே!' என்று பேச்சைத் தொடருங்கள், போதும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, பிரச்சினையே இருக்காது என்று சும்மா இருந்துவிடவும் கூடாது. காது கேட்டல், அறிவு வளர்ச்சி எல்லாம் சரியாக இருந்தும் மொழி மட்டும் தடுமாறும் டிஎல்டி (Developmental Language Disorder), அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நடந்த பெரிய கணக்கெடுப்புகளில் சுமார் 7 சதவீதப் பிள்ளைகளிடம் தெரிந்தது. அதுவும் மொழிக்கு மொழி வேறு முகம் காட்டும். ஆங்கிலத்தில் காலம் காட்டும் விகுதி விடுபடும், இத்தாலியனில் வினையோடு ஒட்டி வரும் குட்டிப் பிரதிப்பெயர்கள் ('அவனை', 'அதை' போன்றவை) விடுபடும். அதனால் தமிழ்ப் பிள்ளையைத் தமிழில்தான் பரிசோதிக்க வேண்டும்.

இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை, மூன்று வயதாகியும் வீட்டாருக்கே பேச்சு புரியவில்லை, அல்லது பேசிக்கொண்டிருந்த சொற்கள் காணாமல் போகின்றன என்றால் காத்திருக்காதீர்கள். முதலில் காது பரிசோதனை, பிறகு எங்களிடம். மூன்றாவது சொன்னது எந்த வயதில் நடந்தாலும் அந்த வாரமே.

'வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி குழப்பும்' என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் மொழித் தடுமாற்றம் வருவதில்லை. பாட்டிக்கும் அம்மாவுக்கும் சரளமாக வராத மொழியில் பேசினால், பிள்ளைக்குக் கிடைக்கும் பேச்சே பாதியாகிவிடும். கதை நிற்கும், சண்டை நிற்கும், 'நீ நேத்து சொன்னியே, அந்த யானை என்னாச்சு?' என்ற மாதிரி நீளமான கேள்விகள் நின்று, 'கம்', 'சிட்', 'ஈட்' மட்டும் மிஞ்சும். சிக்கலான இலக்கணம் அதில் எங்கே வரும்?

அடுத்த முறை வரும்போது சார்ட் வேண்டாம். பிள்ளை வீட்டில் பேசுவதை ஒரு பத்து நிமிடம் ஃபோனில் பதிவுசெய்து கொண்டு வாருங்கள். 'இது என்ன கலர்?' என்று பரீட்சை வைக்காமல், அக்காவோடு பொம்மைக்கு மல்லுக்கட்டும்போது பதிவுசெய்தால் எங்களுக்கு ரொம்ப உதவும்.